மூன்றாம் எண்

பெயர் ஒட்டவில்லை, பெயின்ட் அடிக்கவில்லை.
மிதி அச்சு போகும் குழலுக்கு அடியில் மட்டும்
ஆணியால் கீறியதுபோல் ஒரு 3.
ஒன்றும் இரண்டும் எங்கே என்றேன்.
'ஒன்றை அறுத்துப் பார்த்தோம்.
இரண்டை உடையும்வரை ஆட்டினோம்'
என்றாள் ஜெசிந்தா,
குக்கர் விசிலை எண்ணிக்கொண்டே.

அருவங்காட்டில் ரயில் பாதைக்கு மேல்
நான்காவது வரிசை வீடு.
கேட், கீல், கொடிக்கம்பி,
கேஸ் சிலிண்டரின் அடிவளையம் எல்லாம்
மூடுபனி தின்று வைத்த துரு.
நான்கு வருடம் குளியலறைப் பரணில் கிடந்தும்
இது மட்டும் நேற்றுக் கழுவிய எவர்சில்வர்போல.
இல்லை, எவர்சில்வர் பளபளக்கும்.
இது பென்சில் கோட்டின் நிறம்.

மாடு வாங்கப் போனால் சுழி பார்ப்பார்கள்.
நான் பற்றவைப்பைப் பார்த்தேன்.
அடுக்கிய காசுகள் சரிந்ததுபோல்
ஒன்றன்மேல் ஒன்றாய் வெள்ளை வெளேரென்று
பின்பக்கக் குழல்கள் இரண்டும் சேரும் இடம்வரை.
அங்கே ஒரு விரற்கடை
மண்ணெண்ணெய் சிந்திய தண்ணீரின் நீலம்.

'கெட்ட சுழிதான் அது.
ஆர்கான் தீர்ந்துவிட்டது.
சிலிண்டர் மாற்றுவதற்குள் காற்று புகுந்துவிட்டது.
தாங்கலாம். தாங்காமலும் போகலாம்.
தேய்த்து மறை என்றார்கள் கம்பெனியில்.
தேய்த்தால் நிறம்தான் போகும்.'

விற்கிறவளே குற்றம் சொன்னால்
வாங்குகிறவன் எதை வைத்துப் பேரம் பேசுவது?
சட்டி வாங்குவதுபோல் சுண்டிப் பார்த்தேன்.
ணங்.
உள்ளேயிருந்து குக்கர் பதில் சொன்னது.

ஐந்தடி ஓர் அங்குலம் நான்.
இதுவரை ஓட்டியதெல்லாம்
யாரோ அண்ணன்மார்களுக்குச் செய்தவை.
சீட்டை அடியோடு இறக்கி,
நிறுத்த வேண்டிய இடங்களில் சாய்ந்து விழுந்து
முப்பத்து நான்கு வயதாகிவிட்டது.
அவளுடைய பழைய சக்கரங்களை மாட்டித் தந்தாள்.
கால் போட்டு நின்றேன்.
குறுக்குக் குழலுக்கும் எனக்கும் நடுவே
இரண்டு விரல் காற்று.

'யார் அளவு?'

'என் அளவு.
இந்த உயரத்துக்கு மலையில் ஓட்ட
எத்தனை பேர் வருவார்கள் என்று சிரித்தார்கள்.
பீளமேட்டு ஷெட்டில் இப்போது பம்ப் வால்வு.'

நீங்களே ஓட்டலாமே என்றேன்.
'பற்றவைத்தவள் ஓட்டினால்
காது முழுக்க அந்த இடத்தில்தான் இருக்கும்.
பாதை தெரியாது.'

முப்பத்தெட்டாயிரம் சொன்னாள்.
நான் வாயைத் திறப்பதற்குள் ஐயாயிரம் குறைத்தாள்.
ஒரு நிபந்தனை:
உடைந்தால் பணம் திரும்பாது.
எங்கே உடைந்தது என்று சொல்ல வேண்டும்.
பக்கத்தில் அளவுகோல் வைத்துப்
படம் எடுத்து.

பஸ்ஸில் கண்டக்டர் நெடுநேரம் பார்த்தார்.
'சைக்கிளா?'
'சைக்கிளின் எலும்பு.'
சக்கரம் இல்லாததற்கு லக்கேஜ் எப்படிப் போடுவது
என்று யோசித்துக்கொண்டே முன்னால் போனவர்
திரும்பி வரவில்லை.

கேத்தியில், நான் கணக்கெழுதும்
கேரட் கழுவும் கொட்டகையில்
மூட்டைத் தராசில் ஏற்றினால் முள்ளே அசையவில்லை.
சின்னத் தராசில்
ஒரு கிலோ எழுநூற்று இருபது.
லோடுமேன் ராஜகிரி போனைத் தட்டிச் சொன்னான்:
'கிராம் பத்தொன்பது ரூபாய்.
நம்ம கேரட் இன்னைக்குக் கிலோ பதினெட்டு.'
தண்ணீர்க் குழாயை நிறுத்திவிட்டு எல்லோரும்
ஒருமுறை தூக்கிப் பார்த்தார்கள்.
யாரும் என்னைத் திட்டவில்லை.
அதுதான் கொஞ்சம் உறுத்தியது.

சீட் தண்டு எந்தக் கடையிலும் கிடைக்காத அளவு.
குன்னூர் லேத்தில் அலுமினியத் தகட்டைச் சுருட்டிச்
செருகிக்கொண்டேன்.

எட்டு மாதமாகிறது.
பாலாடா சரிவு, தேயிலைக்குள் இறங்கும் கல்படி,
மழை அரித்த ஜீப் தடம்.
மாதக் கடைசியில் ஈரத்துணியால் துடைத்து
நீலத்தைப் படம் எடுத்து அனுப்புகிறேன்.
'இன்னும் ஒன்றுமில்லை.'
அவள் 'சரி' என்று அனுப்புகிறாள்.
அந்தச் சரியில் நிம்மதி முக்கால்.
மீதிக்கு என்ன பெயர் என்று
எனக்குத் தெரியவில்லை.

போன மாதம் மட்டும் கூடுதலாய் ஒரு வரி:
'இதைவிட மோசமான வழி
உங்கள் பக்கம் எதுவும் இல்லையா?'