அ.சா. 3

தாடை இடப்பக்கம் இறுகி எட்டு மாசம்.
மஞ்சக்குப்பத்துப் பல் டாக்டர்
ராத்திரியில் மாட்டிக்கொள்ள
ஒரு ரப்பர் துண்டு கொடுத்தார்.
அதையும் கடித்து ஓட்டை போட்டேன்.
"எதையோ மென்னுக்கிட்டே இருக்கீங்க மேடம்"
என்றார், பில்லை நீட்டியபடி.

அப்புறம்தான் இரண்டு விசிட்டிங் கார்டு
ஹேண்ட்பேக்கில் ஒன்றோடொன்று உரசத் தொடங்கின.
குருசுக்குப்பத்தில் ஒருத்தி: முழுமைச் சிகிச்சை,
ஒன்றரை மணி நேரம் ஆயிரத்து எண்ணூறு.
திருப்பாதிரிப்புலியூரில் ஒருவன், செல்போன் கடை மாடியில்:
வெல்னஸ் கோச், பன்னிரண்டு வாரம்,
தவணை உண்டு.

சனிக்கிழமை முதலில் புதுச்சேரி.
பெண்ணையாற்றுப் பாலம் தாண்டி
கன்னியகோயிலில் பாதி பஸ் இறங்கிக்கொண்டது,
அவர்களுக்கான வைத்தியம் அங்கேயே கிடைப்பதால்.

செலின் அமலோற்பவம் என் கால்களை
வெந்நீரில் வைத்தாள்.
தாடைக்கும் இடுப்புக்கும் உறவு என்றாள்.
கோபம் கல்லீரலில் குடியிருக்கும் என்றாள்.
அம்மாவைப் பற்றிக் கேட்டாள்,
பௌர்ணமியைப் பற்றி, காப்பியைப் பற்றி.
நல்ல கைகள், பொய் சொல்லக்கூடாது.
பத்து நிமிஷம் தூங்கிக்கூடப் போனேன்.
பின்கட்டில் யார் வீட்டிலோ குக்கர் ஒரு விசில் விட்டது.
என் பற்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன.
அவள் நோட்டில் எழுதினாள்:
வாதம்.

திங்கள் சாயங்காலம் பர்குணன்.
இருபத்தொன்பது வயசுக்குமேல் இராது.
சுவரில் ஏணிப்படி மாதிரி ஒரு சார்ட்.
"ஒன்றிலிருந்து பத்துக்குள்
இப்போ எங்க இருக்கீங்க அக்கா?"
நாலு என்றேன், எதிர் வழக்கறிஞர் ஒத்துக்கொள்கிற மாதிரி
நடுவாந்திரமாக.
"இலக்கு?"
பத்து மணிக்குத் தூங்குவது.
படம் போட்டான்: ஒன்பதுக்கு செல்லை அணை,
காலையில் சில்வர் பீச்சில் நாற்பது நிமிஷம் நட,
நன்றி சொல்ல மூன்று விஷயம் எழுது.

எழுதுவதா.
பத்தொன்பது வருஷமாகக் கோர்ட்டில் தட்டச்சு.
அடுத்தவர் சொல்ல, நான் அடிக்க,
கடைசியில் அதே வரி:
படித்துக் காட்டி சரியென ஒப்புக்கொள்ளப்பட்டது.
எனக்கு யாரும் படித்துக் காட்டியதில்லை.

"சரி, குக்கரை என்ன செய்யறது?" என்றேன்.
"எந்தக் குக்கர் அக்கா?"

அரசு சாட்சி மூன்று. வயது ஒன்பது.
நாற்காலி உயரம் போதாமல்
கட்டுகளை அடுக்கி உட்காரவைத்தோம்.
முதல் விசாரணையில் சொன்னாள்:
அம்மா சத்தம் போடலை,
குக்கர்தான் சத்தம் போட்டுச்சு.
எத்தனை விசில் என்று கேட்டார் வக்கீல்.
நேரம் கணக்கிட வேண்டுமாம்.
விரல் மடக்கி எண்ணினாள்.
ஆறு என்று நான் அடித்தேன்,
எழுத்தால், பிறகு அடைப்புக்குள் எண்ணால்,
விதிப்படி.

மாடியில் ஃபேன் மட்டும் ஓடியது.
பர்குணன் ஸ்கெட்ச் பேனாவை மூடினான்.
கொஞ்ச நேரம் தன் சார்ட்டையே
யாரோ வரைந்ததுபோல் பார்த்தான்.
"அக்கா, இது என் வேலை இல்லை.
எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி பேசினா தப்பு."
அட்வான்ஸ் ஐநூறைத் திருப்பிக் கொடுத்து
என் கார்டின் முதுகில் எழுதினான்:
பெரியாஸ்பத்திரி, மனநலப் பிரிவு,
செவ்வாய், ஒன்பதரை, டோக்கனுக்கு முன்னாடியே போங்க.
கையெழுத்து கோணல்.
தெரியாது என்ற சொல்லை
கூண்டில் நிற்பவர்கள் ஆயிரம் தடவை சொல்லி அடித்திருக்கிறேன்.
கூண்டுக்கு வெளியே ஒருத்தன் சொல்லிக் கேட்டது
அன்றைக்குத்தான்.

பஸ் ஸ்டாண்டில் வறுத்த கடலை வாங்கினேன்.
வலப்பக்கம் மென்றேன். இடப்பக்கம் வலித்தது.
குருசுக்குப்பத்துக் கைகள் நினைவுக்கு வந்தன,
சம்பளம் வந்ததும் போகலாம், கால் வலிக்கு.

மறுநாள் பொழுது விடியுமுன்
விடுப்பு விண்ணப்பம் அடித்தேன்.
காரணம் என்ற இடத்தில்
உடல்நலக் குறைவு என்று தானாகவே விரல் போனது.
அழித்தேன்.
அ.சா. 3 என்று அடித்தேன்.
சிரஸ்தாருக்குப் புரியாது. கேட்பார்.
கேட்கட்டும்.