அரண்மனையில் ஒன்றரை மணி நேரம்

மெசினில் ரேகை விழவில்லை என்றார்கள்.
பத்து விரலையும் துடைத்துத் துடைத்து வைத்தாயிற்று.
தேங்காயெண்ணெய் தடவிப் பார்த்தார் ஒருவர்,
ஈரத்துணி கேட்டார் இன்னொருவர்.
"என்னம்மா வேலை பாக்குறீங்க?"
பாசி எடுக்கிறோம் என்றாள் முத்துராக்கு.
அதற்கும் ரேகைக்கும் என்ன சம்பந்தமென்று
அவர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.
மூணு மணிக்கு மேல் வரச் சொன்னார்கள்.

வெளியே உப்பளத்து வெயில்.
டீ குடித்தாயிற்று. வேண்டாம் வேண்டாமென்று வடையும் தின்றாயிற்று.
ஜெசிந்தாதான் சொன்னாள்:
"இத்தன வருசமா ராம்நாடு வந்து போறோம்,
அரண்மனைன்னு சொல்லித்தான் பஸ்ஸே நிக்கிது,
ஒரு நாளாச்சும் உள்ள போயிருக்கமா?"

டிக்கெட் கிழித்தவர் எங்கள் கால்களைப் பார்த்தார்.

படியேறி உள்ளே போனதும்
கடலுக்குள் முங்கினதுபோல் சத்தம் அடங்கிவிட்டது.
தூண் தூணாய் இருட்டு. குளிர்ச்சி.
ஆழத்தில் முதலில் ஒன்றும் தெரியாது,
பிறகு ஒவ்வொன்றாய்ப் பாறை எழும்பி வருமே,
அப்படி வந்தார்கள் சுவரிலிருந்து:
யானை, குடை, வாளெடுத்தவன்,
தொப்பி வைத்த வெள்ளைக்காரன்,
மீசைக்கு நடுவில் பூச்சு உதிர்ந்துபோன ஒரு ராசா.
கழுத்தில் முத்து. காதில் முத்து.
யானைக்கும் முத்து.
முத்துராக்கு எண்ணத் தொடங்கினாள்.
அறுபதுக்கு மேல் தப்பிப்போய்
மறுபடி ஒன்றிலிருந்து.

நான் முத்தெடுத்தவனைத் தேடினேன்.
கீழ் வரிசையில், மூலையில், ஏதாவது படகோரத்தில்
மூச்சு வாங்கியபடி ஒரு தலை.
காணவில்லை.
இன்னும் முங்கியே இருக்கிறான் போல.

காவலாளி தானாகவே பேச்சுக் கொடுத்தார்.
நம்புவேல் என்று சட்டையில் பேர்.
"இந்த வழவழப்பு என்னன்னு நினைக்கிறீங்க?
சிப்பி சுட்ட சுண்ணாம்பு. முட்ட வெள்ளக்கரு ஊத்தி அரைச்சது."
கை தன்பாட்டில் போய்விட்டது.
மிதித்தால் பாதத்தைக் கிழிக்கிற நம்ம சிப்பியா
இப்படிப் பிள்ளைக் கன்னம்போல்?

"தொடக் கூடாதும்மா."

ஜெசிந்தா சிரித்துவிட்டாள்.
தீவுப் பக்கம் போட்டில் வருகிற வனத்துறைக்காரருக்கும்
இதே சொல்தான், இதே அம்மாதான்.
மரிக்கொழுந்துப் பாசியைக் கையில் வைத்துக்கொண்டு
கழுத்தளவுத் தண்ணீரில் நின்று கேட்டிருக்கிறோம்.
அங்கே சாக்கைப் பிடுங்குவார்கள்.
இங்கே பிடுங்க எங்களிடம் என்ன இருக்கிறது,
பாதி டிக்கெட்.
விலகி நின்றேன்.
உள்ளங்கையில் வெள்ளைப் பொடி
பாறை அறுத்த கோடுகளில் மட்டும் ஏறியிருந்தது.
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.
இத்தனையா.

மாடியில் ஒரு சின்ன அறை. நல்ல காற்று.
எட்டிப் பார்த்தால் கடல் தெரியுமென்று நினைத்தோம்.
தண்ணீர்த் தொட்டியும் செல்போன் டவரும் தெரிந்தன.

மூணு மணிக்குப் போனால் சர்வர் இல்லையாம்.
திங்கட்கிழமை வரச் சொன்னார்கள்.
திங்கட்கிழமை வத்து நீர், பாசிக்கு நல்ல நாள்.
சரி சார் என்றோம்.

உச்சிப்புளி தாண்டியும் யாரும் பேசவில்லை.
பஸ் பாம்பன் பாலம் ஏறும்போது முத்துராக்கு கேட்டாள்:
"ஏண்டி, அந்த ராசாவுக்கு முங்கத் தெரிஞ்சிருக்குமா?"
முன்சீட்டுக்காரி திரும்பிப் பார்த்தாள்.
"எவ்வளவு நேரம் மூச்சுப் பிடிச்சிருப்பாரு?" என்றேன் நான்.

"யானை மேல உக்காந்தவருக்கு என்னடி மூச்சு"
என்றாள் ஜெசிந்தா,
ஜன்னல் வழியே நீரோட்டம் பார்த்தபடி.