வாயைவிடப் பெரிதாகும்வரை

உட்துறைமுக வீதியில் எங்கள் கண்ணாடிக் கடை.
பெயர்ப்பலகையில் வரைந்த கண்ணில்
இமையை மட்டும் உப்புக்காற்று தின்றுவிட்டது.

காத்திருக்க ஒரு வாங்கு,
காத்திருப்பதை மறக்க மூன்றடித் தொட்டி.
ஒன்பது நியோன், இரண்டு ஏஞ்சல்,
வாலில் வாள் செருகிய சிவப்புச் சோடி,
அடியில் கண்ணாடியை நக்கிக்கொண்டு ஒரு சக்கர்.
"என்ன ஒற்றுமையாய் இருக்குதுகள்" என்றார்
பைஃபோக்கலுக்கு வந்த அதிபர் ஒருவர்.
அவர் இரவில் வந்து பார்த்ததில்லை.

செவ்வாய்க்கிழமை வடிகட்டிக் குழாயில் முட்டைகள்.
ரவை என்றார் முதலாளி மரியநேசன்.
நான் லென்ஸ் வெட்டுகிறவள்.
எனக்கு அவை பவர் ஏறாத லென்ஸுகள்,
இன்னும் யாருக்கென்று எழுதப்படாதவை.
தாயும் தகப்பனும் முறைவைத்துச் செட்டையால் விசிறினார்கள்.
கிட்ட வந்த நியோனை மூலைவரை துரத்தினார்கள்.

போன முறையும் இப்படித்தான்.
வாசலில் லொறி டயர் ஒன்று வெடித்தது.
அரை மணித்தியாலத்துக்குள்
தங்கள் முட்டையைத் தாங்களே தின்று முடித்தார்கள்.
நான் ஏசவில்லை.
பயத்தில் வாய் என்ன செய்யும் என்று
வாய்க்கே தெரியாது.

இந்த முறை குழாயைக் கழற்றி
ஐஸ்கிறீம் பெட்டிக்குள் வைத்தேன்.
தொட்டித் தண்ணீர், மெதிலின் நீலம் மூன்று துளி,
முட்டைமேல் படாமல் காற்றுக்குழாய்.
புதன்கிழமை வெள்ளை பூத்தவற்றை
லென்ஸ் பிடிக்கிற சாமணத்தால்
ஒவ்வொன்றாய்ப் பிரித்தெடுத்தேன்,
பக்கத்து முட்டைக்குப் பூஞ்சணம் பற்றாமல்.
நாற்பதில் எண்ணிக்கையை விட்டுவிட்டேன்.

வியாழன் பின்னேரம் கரண்ட் போனது.
பம்ப் நின்றது. குமிழி நின்றது.
"பூட்டப் போறன் துவாரகா" என்று
முதலாளி திறப்பை ஆட்டினார்.
நான் கரண்டியால் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தேன்.
கிண்ணியாவிலிருந்து கண்ணாடி எடுக்க வந்த சலாஹுதீன் நானா
பில்லை மேசையில் வைத்துவிட்டு
போனை எடுத்து டோர்ச் அடித்தார்.
இரண்டே கால் பவர், புதுசு, போட்டுக் குனிந்தார்.

"புள்ள, உள்ளுக்குக் கண் தெரியுது. ரெண்டு ரெண்டு."

அந்தக் கண்ணாடியால்
அவர் முதன்முதலில் பார்த்தது அதைத்தான்.
"வலையில இதெல்லாம் கையளவுல வரும்.
உதறி மண்ணுல கொட்டிட்டுப் போயிருவம்."
பிறகு கதைக்கவில்லை.
கண்ணாடியைக் கழற்றிச் சாரத்தில் துடைத்தார்.
புதுக் கண்ணாடி, அதில் தூசி இருக்கவில்லை.
கரண்ட் வரும்வரை டோர்ச் ஆடவுமில்லை.
கடைசி கிண்ணியா பஸ் போய்விட்டது என்று
மரியநேசன்தான் சொன்னார்;
தன் மோட்டார்சைக்கிளில் ஏற்றிப் போனவரும் அவர்தான்.

வெள்ளிக்கிழமை அவை நெளிந்தன,
தலையால் குழாயில் ஒட்டி, வாலால் உதறி.
புதன்கிழமை நீந்தின.
நீந்தினால் பசிக்கும்.
பாக்கெட்டில் வந்த இறால் முட்டையை
உப்புத்தண்ணீரில் பொரிக்க வைத்தேன்.
ஒரு முட்டையைக் காப்பாற்ற இன்னொரு முட்டை.
பொரித்து வந்தவை வெளிச்சத்தைப் பார்த்து ஓடிவந்தன,
வெளிச்சத்தில்தான் நான் அவற்றை உறிஞ்சி எடுப்பேன்.
அவற்றைக் காப்பாற்ற
எனக்கு யோசனை வரவில்லை.

இப்போது இருபத்து மூன்று.
எப்போது பெரிய தொட்டியில் விடுவாய் என்று
வருகிறவர்கள் கேட்கிறார்கள்.
கூட்டுத் தொட்டிக்கு ஒரே சட்டம்:
உள்ளே இருக்கிற ஆகப் பெரிய வாயைவிட
நீ பெரிதாய் இருக்கவேண்டும்.
கண்மணிகளின் இடைவெளி அளக்கும் அடிமட்டத்தை
தொட்டியின் வெளியே பிடித்து அளந்தேன்.
சக்கரின் வாய் எட்டு மில்லிமீற்றர்.
தாயின் வாய் பதினொன்று.
குஞ்சு, இன்றைக்கு, ஆறு.

தாய் கண்ணாடியோரம் வந்து
பெட்டி இருக்கிற பக்கமே நிற்கிறாள்.
தேடுகிறாளா, பசிக்கிறதா?
எழுத்துப் பலகையைத் தூக்கிக் காட்டி
எந்த வரிவரை தெரிகிறது என்று
அவளிடம் கேட்க முடியாது.