நாளை நீக்கவும்

சோஹார் துறைமுகத்துக்குப் பின்னால்
ஜன்னலில்லாத அறை. பதினெட்டு டிகிரி.
வெளியே ராத்திரியிலும் முப்பத்தெட்டு.

கையில் இருப்பது இருபத்தாறு டெராபைட்.
நாற்பத்தொன்று தந்திருப்பதாக
மெஷின்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.
சுங்கத்துக்கு ஆறு, கிரேன் கணக்குக்கு நாலு,
சம்பளப் பட்டியலுக்கு இரண்டு, இப்படி.
எல்லாரும் ஒரே நாளில் கேட்டு வராதவரை
நான் யோக்கியன்.
சீட்டுப் பிடிப்பவனின் தூக்கம் எனக்கு.

கோடு ஏறுகிறது. எண்பத்தெட்டு. எண்பத்தொன்பது.
இதே சாய்வில் போனால்
இருபத்துமூன்றாம் தேதி வியாழன்,
எல்லாரும் வீட்டுக்குப் போனபின் நிறையும்.
ஹானி சாரிடம் மூன்று முறை டிஸ்க் கேட்டாயிற்று.
"இன்ஷா அல்லாஹ், அடுத்த காலாண்டு."

யார் தின்கிறார்கள் என்று ஒவ்வொன்றாய்த் திறந்தேன்.
சம்பளப் பட்டியலின் அடியில்
மார்ச் மாத ஸ்னாப்ஷாட் ஒன்று.
பெயர்: நாளை நீக்கவும், ஆரோக்கியசெல்வன்.

மறுநாள் பத்து மணிக்கு
அவனைத்தான் நீக்கினார்கள்.
இரவுக்குப் பதினோரு ஜிபி வீதம்
வளர்ந்துகொண்டே இருந்திருக்கிறது
அந்த நாளை.

இதை அழிக்கவும் இடம் வேண்டும்.
இரண்டு மணிக்குத் தொடங்கி
நகராத சதவீதத்தின் முன்
மூத்திரம் அடக்கி உட்கார்ந்திருந்தேன்.
ஐந்தேகாலுக்குக் கோடு இறங்கியது: எண்பத்துநாலு.
'முடிச்சிட்டேன்டா' என்று அவன் ஓமான் நம்பருக்கு அனுப்பினேன்.
ஒற்றை டிக்.

எட்டு மணிக்கு ஹானி சார் கிராஃபைப் பார்த்தார்.
"மாஷா அல்லாஹ், இடம்தான் இருக்கிறதே!"
பட்ஜெட் தாளில் டிஸ்க் என்ற வரியை அடித்தார்.

எண்பத்துநாலு புள்ளி ஒன்று.