இருபத்தொன்பதாம் தேதி

பாடாங் செராய் பஸ் ஸ்டேஷனுக்குப் பின்னால்
என் ஒட்டுக்கடை.
இரண்டு அடுப்பு, எட்டு மேசை.
எட்டாவதற்கு ஒரு கால் குட்டை.
அதில்தான் வந்து உட்கார்ந்தாள்
கையுறைத் தொழிற்சாலைக்கு மெஷின் பொருத்த வந்தவள்.
இவோனி பொர்த்தொலோட்டோ.

பொருத்தலட்டு என்றே கூப்பிட்டார் லோரி சன்னாசி.
திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.
துறைமுகத்தில் பெயர் எழுதினவனும் இப்படித்தான்,
ஓர் எழுத்தைத் தின்றுவிட்டான் என்றாள்.

ஊர் பிரேசில்.
அதற்கு முன்னால் இத்தாலி.
அதற்கும் முன்னால்? என்றேன்.
பசி, என்றாள்.

முப்பாட்டன் கப்பலேறியது காப்பித் தோட்டத்துக்கு.
அங்கே தினமும் இறைச்சி என்று சொன்னார்களாம்.
கிடைத்தது சோளமாவுக் களி,
தோட்டத்துக் கடையில் ஒரு கடன் புத்தகம்.
நான் ஒன்றும் பேசவில்லை.
கல்லாவுக்கு அடியில் துருத்திக்கொண்டிருந்த நோட்டைக்
கொஞ்சம் உள்ளே தள்ளினேன்.

பால்மரம் உங்க ஊர்க்காரன்தானே என்றேன்.
மரவள்ளியும் என்றாள்.
ஜப்பான்காரன் காலத்தில் அதைத் தின்றுதான்
உயிர் பிழைத்தோம் என்றார் சன்னாசி.
அவர் பிறந்ததே
ஜப்பான்காரன் போய்ப் பதினைந்து வருடம் கழித்து.

மாசக் கடைசி, இருபத்தொன்பது.
சம்பளம் ஏழாம் தேதிதான்.
கடை காற்று வாங்கிக்கொண்டிருந்தது.
அடுப்பைக் கேட்டாள், கொடுத்தேன்.
மரவள்ளியை அவித்து, சூட்டோடு மசித்து,
ஒரு முட்டை, ஒரு பிடி மாவு,
விரல் தடிப்பில் உருட்டி வெட்டினாள்.
முள்கரண்டியை எடுத்தாள், வைத்துவிட்டாள்.
இடியாப்பத் தட்டின் பிரம்புப் பின்னலில்
ஒவ்வொன்றாய்க் கட்டைவிரலால் இழுத்தாள்.
வரி விழுந்தது.
வரியில்தான் குழம்பு ஒட்டுமாம்.
கொதிநீரில் முங்கிப் போனவை
வெந்ததும் தாமாக மேலே வந்தன.
நியோக்கி.

தக்காளிக் குழம்பில் நான்
கறிவேப்பிலையைக் கிள்ளிப் போட்டபோது
ஒரு கணம் என்னைப் பார்த்தாள்.
அப்புறம் தட்டை நீட்டினாள்.

தட்டுக்கடியில் காசு வைக்க வேண்டும்,
இருபத்தொன்பதில் வைத்தால் வரும் மாசம் பெருகும்.
காசு இருந்தா நான் ஏன் கடன் சொல்றேன் என்றார் யாரோ.
நேப்பாளத்துப் பையன் ஐம்பது காசு வைத்தான்.
சன்னாசி, விழாத நாலு நம்பர் சீட்டு.
வைரக்கண்ணு அண்ணன் பர்சைத் துழாவி
அடையாள அட்டையை எடுத்து வைத்தார்.
சிவப்பு.

பிறந்தது இங்கேதான், மூணாம் லயத்தில்.
பதிந்து வைக்க வேண்டிய கிராணி அன்றைக்கு லீவு.
அறுபத்திரண்டு வயது, ஐந்து மனு.
இவோனிக்கு விளக்கினேன்,
பாதி இங்கிலீஷில், பாதி கையால்.
அவள் கரண்டி நின்றது.

முப்பாட்டனின் ஞானஸ்நானச் சீட்டு கிடைத்தால்
இத்தாலி அவளுக்குப் பாஸ்போர்ட் தருமாம்.
பதினோரு வருடமாய்த் தேடுகிறாள்,
அந்த ஓர் எழுத்து இடிக்கிறது.
அந்த மண்ணில் அவள் கால் வைத்ததே இல்லை.

வைரக்கண்ணு அண்ணன் முழுக்கக் கேட்டார்.
நல்லாத்தான் இருக்கு என்றார்.
கதையா நியோக்கியா, தெரியவில்லை.
இன்னும் நாலு போட்டுக்கொண்டார்.

மெஷின் ஓடியது. அவள் போய்விட்டாள்.
எட்டாவது மேசையின் குட்டைக் காலுக்கடியில்
மூன்று பிரேசில் காசு.
இப்போதும் கொஞ்சம் ஆடத்தான் செய்கிறது.

மாசாமாசம் நானே செய்கிறேன்.
என் கைக்குச் சிலது கரைந்துபோகும்.
அண்ணன் வருவார்,
அட்டையைத் தட்டுக்கடியில் வைப்பார்,
எழும்போது மறக்காமல் எடுத்து
குழம்புக் கறையைச் சட்டையில் துடைப்பார்.

நேற்று பிப்ரவரி இருபத்தெட்டு.
நாள்காட்டியை அண்ணாந்து பார்த்தார்.
இந்த மாசம் இருபத்தொன்பது இல்லையே.
இல்லை.
அப்ப?

மரவள்ளி வெந்துகொண்டிருந்தது.