நாலே முக்கால் மணி மேடு

முதல் ராத்திரி எங்கள் மீட்டர் சொன்னது:
நூறு வாட் குண்டு பல்பு
வாரியத்துக்கே கரண்ட் அனுப்புகிறதாம்.
மைனஸ் தொண்ணூற்றேழு.
ரிஃபாயா சிரித்துச் சிரித்து
கிளாம்பைத் திருப்பி மாட்டினாள்.

வில்லாபுரம், மாடி வீடு.
விநாடிக்கு நாலாயிரம் தடவை
அலையைக் கிள்ளிக் கிள்ளி எடுத்து
வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கிக் கூட்டும்
நான் எழுதிய நிரல்.
அதற்குச் சாட்சி
படிக்கட்டடியில் வாரியத்தின் சாம்பல் பெட்டி.
சிவப்புப் பொட்டு
மூவாயிரத்து இருநூறு முறை சிமிட்டினால் ஒரு யூனிட்.
நூறு வாட்டுக்கு ஒரு சிமிட்டல்
பதினோரு விநாடி, கொஞ்சம் கூட.
கொசுக்கடியில் நான் எண்ண
மேலிருந்து அவள்
"இப்பவா? இப்பவா?"

ஒத்துவந்தது.
கிரைண்டர் ஓடும்போது மட்டும் ஏழு சதவீதம் பொய்;
பின்தங்கும் அலைக்குக் காத்திருக்கக் கற்றுக்கொடுத்தேன்.

அப்புறம்தான் அந்த மேடு.
விடியுமுன் நாலே முக்கால்,
வீட்டில் ஃபேன்கூட ஓடவில்லை,
எழுநூற்று முப்பது வாட்
இருபத்திரண்டு நிமிஷம்.

மூன்று நாள் நிரலைத் திட்டினேன்.
குற்றமில்லாத வரிகளையும் அழித்து எழுதினேன்.

நாலாம் நாள் ரிஃபாயா உலுக்கி எழுப்பினாள்.
திரையில் மேடு ஏறிக்கொண்டிருந்தது,
சுவருக்குள் குழாய் உறுமியது.
ஓனர் சென்றாயப்பெருமாளின் மோட்டார்
எங்கள் லைனில்.

"ரெண்டு வருஷத்துக் காச
வாடகைல கழிக்கச் சொல்லு."

சொல்லலாம்.
மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் விழுகிறது.
அதில்தான் நாங்களும் குளிக்கிறோம்.
எத்தனை குடம் எங்களுடையது, எத்தனை அவருடையது,
அதற்கு இன்னொரு மீட்டர் கட்டவேண்டும்.