நாற்பத்தோராவது நிமிடம்

சேட்ஸ்வொர்த் மூன்றாம் யூனிட் நூலகக் கூடத்தில்
படத்தை நிறுத்தியவர் பூபதி படையாச்சி.
எழுந்துபோய்ச் சுவரிலிருந்து
கம்பியைப் பிடுங்கினார்.
திரை வெள்ளையானது.
தகரக் கூரையில் குரங்குகள் மட்டும் ஓடின.

"கொன்றவன் பேரனைக் கொஞ்சுவதைக் காட்டுகிறாள்,
நாய்க்குச் சோறு வைப்பதைக் காட்டுகிறாள்.
நம் பையன்களைப் புதைத்த குழி எங்கே?
அதைக் காட்டச் சொல்."
கைதட்டினார்கள். நானும் தட்டினேன்,
உள்ளங்கை எரியுமளவு.

படம் எடுத்த பெண்
ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து இரவு பஸ்ஸில் வந்தவள்.
கால் வீங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள்.
"அவர் மன்னிப்புக் கேட்கவில்லை.
நானும் கேட்க வைக்கவில்லை" என்றாள்.
அதற்கும் கத்தினார்கள்.

கூபஸ் என்று பெயர் அவனுக்கு.
பதினெட்டு வயதில் சீருடை மாட்டி
எல்லைக்கு அனுப்பியிருக்கிறார்கள்.
இப்போது ஒரு கண்ணில் புரை.
எலுமிச்சை மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு
செத்தவர்களின் சட்டைப் பைகளைப் பற்றிச் சொல்கிறான்:
சீப்பு. ரஷ்யத் தீப்பெட்டி. பல் உடைந்த சாவி.
ஒருவனிடம் காகிதத்தில் மடித்த சாம்பல்.
போதைப்பொருளோ என்று சார்ஜென்ட் மோந்து பார்த்தாராம்.
"வாசனையாக இருந்தது. மூன்று நாள் வைத்திருந்தேன்.
பிறகு மழை பெய்துவிட்டது."

அந்த இடத்தில்தான் கம்பியைப் பிடுங்கினார்.

தயாளன் போனது எண்பத்தைந்தில், ஒரு செவ்வாய்க்கிழமை.
துறைமுகத்தில் வேலை கிடைத்ததாகச் சொல்லிவிட்டு
என் ஐந்து ரேண்டையும் எடுத்துக்கொண்டு.
அம்மா நாள்காட்டியில் ஒரு தாளைக் கிழித்து
விபூதி மடித்துச் சட்டைப் பையில் திணித்தாள்.
சிரித்தான். எடுத்துப் போடவில்லை.
அங்கோலா என்ற சொல்
ஐந்து வருடம் கழித்து எங்கள் வீட்டுக்குள் வந்தது,
ஓர் அதிகாரியின் வாய் வழியாக,
தேதி இல்லாமல்.
விசாரணை ஆணையத்தில் அம்மா ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாள்.
வேறு அம்மாக்களின் பெயர்களைக் கூப்பிட்டார்கள்.

நம் ஆட்கள் ஒருவரும் கொண்டுவராத சேதியை
எதிரி கொண்டுவந்திருக்கிறான்,
சேதி என்று தெரியாமலே.

சேதிதானா அது?
விபூதி வைத்திருந்த பையன் தயாளன் ஒருவன்தானா?
ஸ்டாங்கரிலிருந்தும் டொங்காட்டிலிருந்தும் போனவர்களுக்கும்
பை இருந்தது, அம்மா இருந்தாள்.

படத்தைத் தொடரலாமா என்று ஓட்டு வைத்தார்கள்.
கை தூக்கினேன்.
பக்கத்து நாற்காலி லோகம்பாள்
என் தோளைத் தொட்டு, தொட்ட கையை எடுத்துக்கொண்டாள்.
"அவனும் மனுசன்தான் என்கிறாயா?"
அதெல்லாம் எனக்குத் தெரியாது, லோகம்பாள்.
அடுத்த நிமிடம் எனக்கு வேண்டும், அவ்வளவுதான்.

பதினேழு ஓட்டில் தோற்றோம்.
நாற்காலிகளை மடக்கினோம். டீ ஆறிப்போயிருந்தது.
வாசலில் பூபதி என் கையைப் பிடித்துக்கொண்டு
"தம்பிக்காகத்தான் செய்தேன்" என்றார்.
பொய் சொல்லவில்லை அவர்.

அந்தப் பெண்ணிடம் முகவரி வாங்கிவந்தேன்.
மூன்று முறை தொடங்கினேன்.
'அன்புள்ள' என்று எழுதக் கை வரவில்லை.
அது இல்லாமல் ஆங்கிலத்தில்
கடிதம் தொடங்கவும் தெரியவில்லை.
கடைசியில் இரண்டே வரி,
மேலே பெயரில்லை, கீழேயும் இல்லை:

அந்தக் காகிதத்தில் தேதி ஏதும் அச்சிட்டிருந்ததா?
எந்தப் பையில் இருந்தது, இடதா வலதா?